மூன்று புளியமரங்கள் இல்லாத நாடு

பயணம் செய்யுங்கள், மலையைப் பாருங்கள், கற்பனை தானாக ஊற்றெடுக்கும் என்று எழுத்தாளர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, என் நாவலில் வரும் மலைநாடு எந்த ஊர், அங்கே போய் எத்தனை நாள் தங்கினீர்கள் என்று கேட்பார். தங்கவில்லை, பிடித்து வைத்திருந்தார்கள் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடுவேன்.

விமர்சகர் ஒருவர் இருக்கிறார். அந்த நாவல் புத்தகமாக வந்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு கண். என் மலைநாட்டில் ஓடை தப்பான பக்கம் ஓடுகிறதாம். மலைப்பள்ளத்தில் நெல் விளையாதாம். சூரியன் ஒரு அத்தியாயத்தில் வந்த பக்கமே திரும்பிப் போகிறதாம். ஆசிரியர் வீட்டைவிட்டு வெளியே போகாமல் எழுதியிருக்கிறார் என்று முடித்திருந்தார். போகட்டும் என்று விட்டேன். சமீபத்தில் அதையே மறுபடி எழுதியிருக்கிறார். என் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. என்னைப் பிடித்து வைத்த இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. வாணியம்பாடியில் மாமாவின் டேனரியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். கடுக்காய் ஜவ்வாது மலையில் கிடைக்கிறது. மாமாவுக்கு மூட்டுவலி. என் பயண அனுபவத்துக்கெல்லாம் இதுதான் மூலகாரணம். ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்ததும், "மலைக்குப் போய்ட்டு வாடா, யார் யார் காய் போடறாங்கன்னு பேசி முடிச்சிட்டு வா" என்று என்னைத் துரத்திவிடுவார்.

எனக்கு மலை பிடிக்காது. இதை அப்போதும் ஒளித்ததில்லை. குளிர் பிடிக்காது, ஏற்றம் பிடிக்காது, ஜீப்பின் பின்பக்கம் புளிமூட்டைமேல் உட்கார்ந்து முதுகு உடைவது பிடிக்காது. காவலூர் வரை பஸ் போகும். வானத்தைப் பார்க்கும் பெரிய குமிழ்க் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே சட்டை கசங்காமல் இறங்கிப் போவார்கள். நான் அதற்கப்புறமும் போகவேண்டும். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன், நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

அந்த வருஷம் எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. மெட்ராஸில் ஒரு வாரப்பத்திரிகை என் தொடர்கதையைப் போட ஆரம்பித்திருந்தது. நாட்டை இழந்த ஒரு மலைராணியின் கதை. டேனரியில் நாற்றம் குறைந்த ஒரே இடம் கடுக்காய்க் கிடங்கு. அங்கே மூட்டைக்குமேல் உட்கார்ந்து எழுதிய கதை அது. ஆரம்ப அத்தியாயங்கள் வந்தபின் பத்திரிகை ஆசிரியர் என்னை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆளுங்கல்லாம் நல்லா பேசறாங்க சார். ஆனா எங்க நின்னு பேசறாங்க? காத்துலயா?" என்றார். "எனக்கு ஒரு நாடு வேணும். வாசகன் கண்ணை மூடினா வழி தெரியணும். அது வரலேன்னா பொங்கலோட கதையை முடிச்சுக்குவோம்."

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் மலை ஏறினேன். கடுக்காய் மாமாவுக்கு, நாடு எனக்கு.

நான் காய் வாங்கும் ஊர் ஒரு சிற்றூர். இருபது முப்பது கூரை வீடுகள். அந்த ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர். என்னைவிட இருபது வயது மூத்தவர். மெலிந்த ஆள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். பேசும் சொல்லிலும் மரியாதை இருக்காது. அவருக்கு ஒரு அக்கா, புருஷனை இழந்தவள். ஊர் விவகாரத்தில் கடைசி வார்த்தை அவளுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது.

காய் விவகாரம் பேசி முடித்ததும் ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"பாறை கீது," என்றார் ஊர்க்கவுண்டர்.

"பாறைக்கு அந்தாண்ட?"

"கரடி கீது. கடுக்கா வாங்க வந்தவன் கடுக்காயப் பத்திக் கேளு பாய். அந்தாண்ட இன்னா கீதுன்னு உனுக்கு இன்னாத்துக்கு?"

விடவில்லை. வழியில் விறகு கட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். கரடி என்றார். ஆடு மேய்த்தவரைக் கேட்டேன். கரடி என்றார். காது கேளாத ஒரு கிழவர்கூட நான் கையைக் காட்டிய திசையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி நகத்தை மடக்கிக் காட்டினார். எல்லோரும் ஒரே கரடியைச் சொன்னார்கள். ஒற்றைக் கண் கரடி. போன வருஷம் ஒரு ஆளை அடித்த கரடி. ஒருவர்கூட அதன் வேறொரு கண்ணையோ வேறொரு குணத்தையோ சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னார்கள் என்பதற்காக அல்ல. பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். என்னிடமே, அதுவும் கூடிப் பேசி மனப்பாடம் செய்த இவ்வளவு மட்டமான பொய்யைச் சொல்கிறார்களே என்று. மறுநாள் காலை, ஆட்கள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, அந்த மேட்டில் ஏறினேன்.

ஏறி முடிக்க மூச்சு வாங்கிவிட்டது. முள் கிழித்தது. மாமாவைத் திட்டினேன், பத்திரிகை ஆசிரியரைத் திட்டினேன். மேட்டின் மறுபக்கம் இறங்கிப் புதரைத் தள்ளியபோது கீழே ஒரு பள்ளம் தெரிந்தது. நாலு பக்கமும் மலை சுவர் எடுத்த பள்ளம். அது முழுக்கச் சாமை. பாதி அறுத்துப் போர் போட்டிருந்தார்கள், பாதி கதிரோடு தலை சாய்ந்து நின்றது. நடுவில் மூன்று புளியமரங்கள். மரத்தடியிலிருந்து ஒரு ஓடை கிளம்பிக் கிழக்கே போனது. ஓரமாக உயர்ந்த தட்டைப் பாறை ஒன்று. அதைத்தான் களமாக வைத்துக் கதிரடித்திருந்தார்கள். ஆட்கள் தூரத்தில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் யாரும் இல்லை.

அந்தப் பாறைமேல் ஏறினால் முழுப் பள்ளமும் தெரியும். ஏறினேன். ஏறுவதற்குமுன் செருப்பைக் கழற்றிவைத்தேன். இதைப் படிக்கிற நகரவாசிகளுக்குச் சொல்லவேண்டும்: தானியம் கிடக்கிற களத்தில் செருப்புக் காலோடு ஏறினால் எங்கள் பக்கத்தில் அடிதடியே நடக்கும். தோல் வியாபாரியாக இருந்தாலும் அது எனக்கும் ரத்தத்தில் ஊறியது. யாரும் பார்க்கவில்லையே என்று அப்படியே ஏறியிருந்தால் தப்பித்திருப்பேன். மரியாதை பார்த்துத்தான் மாட்டினேன்.

பாறைமேல் நின்றதும் எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வது. சந்தோஷம் என்று சொன்னால் அது மேடைப் பேச்சு. வயிறு எரிந்தது. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு கரடி என்கிறார்களே என்ற எரிச்சல். அந்த எரிச்சலோடு என் ராணி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். காற்றில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் காலை ஊன்றினாள். அவள் முகம் கழுவவும் முகம் பார்க்கவும் ஓடை இருந்தது. காலை வெயில் அந்தத் தண்ணீரில் நேராக விழுந்தது. சாமைப் போர்கள் காவல் கோபுரங்களாயின. புளியமரத்தடியில் வழக்குத் தீர்க்கும் இடம். எதிரிப்படை வருகிற வழி, நான் முள்ளில் கிழிபட்டு வந்த அதே வழி. ஒரு நொடி முன்புவரை இல்லாத நாடு, வீடு வாசலோடு எனக்கு முன்னால் கிடந்தது. வெறுங்காலோடு மறுபக்கம் இறங்கி ஓடையை ஒட்டி நடந்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்து, மரத்தைத் தொட்டுப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

களத்தடியில் என் செருப்பு இல்லை. அது ஊர்க்கவுண்டர் கையில் இருந்தது. மாமாவின் டேனரித் தோலில் வாணியம்பாடியில் தைத்த கனமான செருப்பு. மலையில் அப்படி ஒரு செருப்பு போடுகிற ஆள் நான் ஒருவன்தான். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் அரிவாளோடு நின்றார்கள். அறுப்பு அரிவாள்தான், இருந்தாலும் அரிவாள்.

"யாரு அனுப்பினது உன்ன?" என்றார்.

"யாரும் அனுப்பல கவுண்டரே. சும்மா பாக்க வந்தேன்."

"ரேஞ்சர் அனுப்பினானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பள்ளம் காட்டிலாகா எல்லைக்குள் இருந்தது. இவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கே பயிர் வைக்கிறார்கள். சர்க்காரின் கணக்கில் அது காடு. முந்தைய வருஷம் இன்னொரு சரிவில் இவர்கள் வைத்த பயிரைக் கண்டுபிடித்து, கதிர் முற்றும்முன் பிடுங்கிப்போட்டு, ஆண்களைக் கோர்ட்டுக்கு அலையவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது இந்தப் பள்ளம் ஒன்றுதான். கரடி எதற்கு என்று விளங்கியது.

ரேஞ்சருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நான் கதை எழுதுகிறவன், கதைக்கு ஒரு இடம் தேடி வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"இந்த எடத்தயா எழுதப்போற?" என்றாள் அக்கா. அரிவாள்காரர்களுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தவள்.

"பேர் போடமாட்டேன் அக்கா."

"பேரு யாருக்கு வேணும்? மூணு புளியமரம், அதுக்குக் கீழ தண்ணின்னு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அத எத்தினி பேரு படிப்பாங்க?"

பத்திரிகை எவ்வளவு விற்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"ரேஞ்சருகிட்ட சொன்னா ஒருத்தன் வருவான். இவன் சொன்னா ஊரே வரும்," என்றாள். "இது போச்சின்னா அடுத்த வருசம் வரைக்கும் புள்ளிங்களுக்குக் கஞ்சிக்கு இன்னா பண்றது? உன் கதைய ஆக்கிப் போடறதா?"

சாயங்காலம் வரை என்னைக் களத்தடியில் உட்காரவைத்துவிட்டார்கள். சோறு கொடுக்கவில்லை. தண்ணீர் கேட்டால், "அதான் ஓடையில குடிச்சியே" என்றார்கள். விட்டுவிடலாம் என்றார்கள் சிலர், கூடாது என்றார்கள் சிலர். ஊர்க்கவுண்டர் என் செருப்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இவன இங்கியே வுட்டுட்டுப் போனாலும் கேள்வி இல்ல. கரடி அடிச்சிச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கரடிப் பொய் நான் நினைத்த அளவுக்கு மட்டமானதல்ல என்று அப்போது தோன்றியது.

கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். "உன் கதை முடியட்டும். அது முடிஞ்சும் ஒருத்தனும் இங்க வரலேன்னா செருப்பு உனுக்கு. வந்தான்னா, அந்தச் செருப்பால உனுக்கு இன்னா நடக்கும்னு நானே சொல்லணுமா?"

வெறுங்காலோடு மலையிறங்கினேன். டேனரிக்காரன், ஊருக்கே தோல் கொடுக்கிறவன், உள்ளங்காலில் முள்ளோடு ஜீப்புக்கு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் மாமா காலைப் பார்த்தார். "செருப்பு எங்கடா?" என்றார். "கரடி தூக்கிக்கினு போச்சு" என்றேன். அவர் நம்பினார்.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று புளியமரத்தையும் எழுதினேன், தட்டைப் பாறையை எழுதினேன், மேட்டில் எங்கே புதர் விலகும் என்பதை எழுதினேன். என்னை உட்காரவைத்துப் பட்டினி போட்டவர்களுக்கு ஒரு அடையாளம்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று வெறியோடு எழுதினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல அத்தியாயம் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று எனக்கு அமையவில்லை. தபாலில் அனுப்பிவிட்டுக் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து முதல் கடுக்காய் லோடு இறங்கியது. அதை எடுத்துவர நான் போனபோது, அடிவாரத்துக் காட்டிலாகாச் செக்போஸ்ட்டில் ரேஞ்சர் இருந்தார். புது ஆள், இளவயது, இஸ்திரி போட்ட காக்கி. எழுந்து நின்று கைகொடுத்தார். நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. என் மாமா அவரிடம் பெருமையடித்து வைத்திருந்தார் போல.

"நீங்கதான் எழுதறதுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஆச்சரியம் சார்," என்றார். "எல்லாரும் ராணியப் பத்தித்தான் பேசறாங்க. எனக்கு அந்தக் கடுக்காய் மரத்தடிச் சீன்தான் புடிச்சுது. நீங்க கண்ணால பாத்து எழுதின இடமும், பாக்காம எழுதின இடமும் எனக்குப் படிச்சாலே தெரிஞ்சிடும் சார்."

எத்தனையோ வருஷமாக இப்படி ஒரு வாசகன் வேண்டும் என்று ஏங்கியிருந்தேன். வீட்டில் யாரும் படிப்பதில்லை. மாமாகூடப் பெருமையடிப்பதோடு சரி. என் எழுத்தின் நாடியைப் பிடித்துச் சொன்ன முதல் ஆள் காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். டீ நன்றாக இருந்தது.

"அடுத்து ராணியோட நாடு வருதுன்னு போட்டிருக்காங்களே," என்றார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "நம்ம மலைதானே சார்? மேல ஏதோ ஒரு பள்ளத்துல இவங்க பயிர் வெச்சிருக்காங்கன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். எங்கன்னுதான் புடிபடல. கேட்டா கரடி கிரடின்னு கதை விடறானுங்க. நீங்க மலையெல்லாம் சுத்தறவரு. உங்க அத்தியாயத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

டீயைப் பாதியில் வைத்தேன். ஊர்க்கவுண்டர் மேல் எனக்குக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. அவர் எதிரே வந்திருந்தால் அப்போதும் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அது என் கோபம். அதை இந்த இஸ்திரிச் சட்டைக்கு வாடகைக்கு விட எனக்கு மனசு வரவில்லை. என் நல்ல அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் மேட்டில் ஏறுவதையும், புதர் விலகும் இடத்தில் சரியாகக் கையை வைப்பதையும் நினைத்துப் பார்த்தேன். அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போய் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

அச்சகத்தில் அந்த அத்தியாயத்தை எழுத்துக் கோத்து முடித்திருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் கையில் புரூஃபோடு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இதைத்தான் சார் கேட்டேன்" என்றார். அதைப் போடக்கூடாது, மாற்றவேண்டும் என்று நான் சொன்னதும் கட்டிக்கொண்ட கையை எடுத்துவிட்டார். காரணம் கேட்டார். சொல்ல மறுத்தேன். காரணத்தைச் சொன்னால் அவர் அதையும் கதையாகப் போட்டுவிடுவார். பத்திரிகைக்காரரை எனக்குத் தெரியும். இருவரும் நாகரிகமில்லாமல் பேசிக்கொண்டோம். சாயங்காலத்துக்குள் வேறு அத்தியாயம் தந்தால் போடுகிறேன், தராவிட்டால் கோத்தது கோத்தபடி போகும் என்றார்.

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃபில் அடித்து எழுத ஆரம்பித்தேன். மூன்று புளியமரத்தையும் எடுத்துவிட்டு ஒற்றை நாவல் மரம் வைத்தால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. புளியமரம் போனதும் புளி போயிற்று. புளி இல்லாமல் இந்த நாட்டார் கீழ்நாட்டில் எதைக் கொடுத்து உப்பு வாங்குவார்கள்? தேன் கொடுத்தேன். தேன் என்றால் பாறையில் கொடி கட்டி இறங்குகிற ஆட்கள் வேண்டும். ஆட்கள் வந்ததும் அவர்களுக்கு ஒரு தலைவன் வந்தான். மெலிந்தவன், மரியாதை தெரியாதவன். அவன் எங்கிருந்து வந்தான் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓடையை மேற்கே திருப்பினேன். திருப்பியதும் காலை வெயில் தண்ணீரில் விழவில்லை. ராணி முகம் பார்ப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். சாயங்காலம் என்றதும் அவள் தனியாகிவிட்டாள், அழ ஆரம்பித்தாள். சாமையைப் பிடுங்கிவிட்டு நெல் வைத்தேன். "மலைக்குழியில நெல்லா சார்?" என்று ஒரு கம்பாசிட்டர் கேட்டார். "உம்ம வேலையைப் பாரும்" என்றேன். மேட்டை எடுத்துக் குகை வைத்தேன். களத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றும் காட்சியை மட்டும் தொடவில்லை. அது எந்த ஊரிலும் நடப்பது, அதை வைத்து யாரும் யாரையும் பிடிக்கமுடியாது.

மூன்று மரத்தை மறைக்க ஒரு நாட்டையே பெயர்த்து வைக்கவேண்டியிருந்தது. கற்பனை உலகம் படைப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அன்று எனக்கு எந்த உந்துதலும் இல்லை. பசியும் பயமும் ஆத்திரமும்தான் இருந்தன. அவசரத்தில் ஒரே ஒரு இடத்தில் சூரியனைத் திருப்ப மறந்துபோனேன். அதைத்தான் அந்த விமர்சகர் இன்றுவரை பிடித்துத் தொங்குகிறார்.

ஆசிரியர் புதியதைப் படித்தார். "ஓடும். ஆனா முதல்ல எழுதினதுலதான் உயிர் இருந்துது" என்றார். எனக்குத் தெரியாதா? முதலில் எழுதிய பக்கங்களைக் கேட்டு வாங்கி அவர் எதிரிலேயே துண்டு துண்டாகக் கிழித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மாமா யாரிடமாவது காட்டிப் பெருமையடிப்பார். கிழிக்கும்போது அழுகை வந்தது. அச்சகத்தில் மை வாடை கண்ணை எரிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

தொடர் ஓடியது. ரேஞ்சர் அந்தக் கோடையில் மேற்கே ஓடும் ஓடைகளை எல்லாம் தேடியிருக்கிறார். குகைக்காக இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகளைக் கூட்டிக்கொண்டு தேன்பாறை வரை போய்த் தேனீக்களிடம் கொட்டு வாங்கியிருக்கிறார். அடுத்த லோடின்போது நாற்காலி போடவில்லை. "உங்க நாடு சுத்தக் கற்பனை சார். கொஞ்சம் ஏமாத்தம்தான்," என்றார். முகம் இன்னும் வீங்கியிருந்தது. நல்ல வாசகன் கிடைத்தும் போனான். அவர் மாற்றலாகிப் போகும்வரை என் கதை எதையும் படித்ததாகத் தெரியவில்லை.

தொடர் முடிந்ததும் எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். இடைப்பட்ட காலத்தில் வேறு ஊர்களில் காய் வாங்கிச் சமாளித்திருந்தேன். எனக்கு ஒரு நினைப்பு. எனக்கிருந்த ஒரே நல்ல அத்தியாயத்தை இவர்களுக்காகக் கிழித்திருக்கிறேன். நன்றி சொல்லவேண்டாம், ஒரு வாய் தண்ணீராவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

கொடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா வாசலில் நின்றாள். கீழே ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பெண்ணை வைத்து வாராவாரம் கதையைப் படிக்கக் கேட்டார்களாம், களத்தில் உட்கார்ந்து, ஊர் மொத்தமும்.

"எப்படி இருந்திச்சு அக்கா?" என்றேன். கேட்காமல் இருக்கமுடியவில்லை. எழுதுகிறவன் புத்தி.

"நெல்லு வெச்சிருக்கிற," என்றாள். "தண்ணிய அந்தாண்ட வுட்டிருக்கிற. நல்லாதான் பொய் சொல்ற. எங்க கரடிய மட்டும் வுட்டுட்ட."

ஊர்க்கவுண்டர் வெளியே வந்தார். கையில் என் செருப்பு. இத்தனை நாள் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்து புகை பிடித்து, பலகையாகக் காய்ந்திருந்தது. கையில் கொடுக்கவில்லை. என் காலடியில் போட்டார்.

"ஒருத்தனும் வர்ல. எடுத்துக்கினு போ."

காலை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டு, என் கௌரவத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கேட்டேன். "கவுண்டரே, ஒரே ஒரு தடவ அந்தப் பள்ளத்தப் பாத்துட்டு வர்றேன். எழுதறதுக்கு இல்ல. நான் எழுதினது கிழிஞ்சு போச்சு. எனக்கு அந்த இடம் மறந்துகினே வருது."

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவில்லை.

"அந்தாண்ட கரடி கீது பாய்," என்றார். "நீ எழுதுன நாட்டுக்கே போ."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். அன்று முழுவதும் அவர்களைத் திட்டினேன். இன்றும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் செய்தது சரி என்பதால் கோபம் குறைந்துவிடவில்லை.

விமர்சகருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த ஓடை கிழக்கே ஓடியது என்று மேலே எழுதியிருக்கிறேன். யோசித்து, கையைப் பிடித்து நிறுத்தி எழுதியது அது. கண்ணை மூடினால் எனக்கு அது மேற்கேதான் ஓடுகிறது. ஒற்றை நாவல் மரம் நிற்கிறது, நெல் விளைந்திருக்கிறது, சாயங்கால வெயிலில் ஒருத்தி அழுகிறாள். புளியமரங்கள் எங்கே நின்றன என்று எவ்வளவு தேடினாலும் எனக்கே அகப்படவில்லை.